மூன்று பேர், ஐந்து கறித்தூள், ஒரு தீர்ப்பு

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முன்பு உங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கத்துக்கு ஒரு விஷயம் வந்திருந்தது. கொழும்பில் விற்கிற வறுத்த கறித்தூள் ஐந்தை வாங்கிவந்து, உங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் இருந்து ருசி பார்த்து, பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, முதலாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடம் வரை வரிசைப்படுத்தியிருந்தீர்கள். காலைத் தேத்தண்ணியோடு இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் கோபம் வந்தது, ஏனென்றால் ஐந்தாம் இடத்தில் நீங்கள் போட்டது எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு பிள்ளை வறுத்துத் திரித்து விற்கிற தூள். அந்தக் கிழமையே இரண்டு கடைக்காரர் "பேப்பரில் போட்டிருக்கிறார்களே தங்கச்சி, சனம் கேட்குது" என்று சொல்லி நாற்பது பக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவளுக்காக வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. அவளுடைய தூள் உண்மையாகவே ஐந்தாவதாக இருக்கலாம். (வெந்தயம் கொஞ்சம் கூட வறுபட்டுப் போகிறது என்று நானே அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். வெந்தயம் கருகினால் கறி கைக்கும்.) ஆனால் நீங்கள் பார்த்த விதத்தில் எது முதலாவது, எது ஐந்தாவது என்று கடவுளுக்கும் தெரியாது. அதுதான் என் முறைப்பாடு.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். ஒரு உணவுத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் 22 வருடம் வேலை செய்து இளைப்பாறியவள். பிஸ்கட், ஜாம், பழப்பானம், சூப் பக்கற் எல்லாம் அங்கே செய்தார்கள். ஆட்களை இருத்தி ருசி பார்க்க வைப்பது என் வேலை. சொந்தக்காரர் எல்லாம் "உனக்கென்ன, சம்பளத்தையும் தந்து தீனும் தருகிறார்கள்" என்று பகிடி பண்ணுவார்கள். அந்தத் தீனைத் தின்னக் காலை பத்து மணிக்கு வரவேண்டும், பசியோடும் வரக்கூடாது வயிறு முட்டவும் வரக்கூடாது, சென்ட் பூசக்கூடாது, அதற்கு முன்னைய ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி, சிகரெட், வெற்றிலை ஒன்றும் கூடாது, தடிமன் என்றால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். புரியாணி சாப்பிட்டு ஏவறையோடு வந்த ஒருவரை நான் வாசலிலேயே மறித்துத் திருப்பியிருக்கிறேன், அவர் எனக்கு மேலதிகாரி.

சரி, உங்கள் பக்கத்தில் போட்டிருந்த படத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று பேரும் ஒரே மேசையில் தோளோடு தோள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்குப் பின்னாலும் அதனதன் பக்கற், பெயர் நன்றாகத் தெரியும்படி நிற்கிறது. நடுவில் இருப்பவர் எதையோ சொல்ல மற்ற இருவரும் சிரிக்கிறார்கள். தண்ணீர்க் குவளை ஒன்றுகூட இல்லை. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் இந்தப் படத்தைக் கொடுத்து இதில் எத்தனை பிழை இருக்கிறது சொல்லு என்று கேட்கலாம், அவ்வளவு வசதியாக எல்லாம் ஒரே படத்தில் இருக்கிறது.

பெயர் கண்ணுக்குத் தெரிந்தால் நாக்கு பெயரைத்தான் ருசிக்கும். மினுமினுக்கிற தாளில் வருகிற பெரிய கொம்பனித் தூளையும், பொலித்தீன் பையில் போட்டு ஸ்ரேப்ளர் அடித்த தூளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாயில் வைக்க முன்பே பாதிப் புள்ளி விழுந்துவிடும். நிறமும் அப்படித்தான். பிரான்ஸில் போர்தோ நகரத்தில் வைன் படிக்கிற 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்பு நிறத்தைக் கலந்து கொடுத்தார்களாம், அவர்கள் சிவப்பு வைனுக்குச் சொல்கிற சொற்களையே அதற்கும் எழுதிவைத்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. படித்த நாக்குக்கே அந்தக் கதி. கறுப்பாக வறுத்த தூளைக் கண்டதும் "இது நல்ல உறைப்பு" என்று நாங்கள் முடிவு கட்டுவதில் என்ன ஆச்சரியம்? இதற்காகத்தான் பரிசோதனை அறைகளில் சில வேளை சிவப்பு வெளிச்சம் போடுவார்கள், கறி எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும்.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார் என்பதற்கு நானே பட்ட கதை ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இஞ்சி பிஸ்கட் ஒன்றில் இஞ்சித் தூளை மாற்றியிருந்தார்கள், பழையதும் புதியதும் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். எனக்கும் அப்போது அனுபவம் இல்லை, பதினொரு பேரை ஒரே மேசையில் இருத்தி இரண்டு தட்டை நடுவில் வைத்துவிட்டேன். மனேஜர் முதல் தட்டிலிருந்து ஒன்றைக் கடித்து "ம்ம்ம்" என்றார். வேறு ஒரு சொல் சொல்லவில்லை. பதினொரு பேரும் முதல் தட்டுத்தான் நல்லது என்று எழுதித் தந்தார்கள். ஒருவர் "இரண்டாவதில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், கடைசியில் தொண்டையில் காறுது" என்று விளக்கமாகவே எழுதியிருந்தார். பின்னேரம் சாமான்களை எடுத்து வைக்கும்போது பார்த்தால் புது பிஸ்கட் பேணி மூடி திறக்காமலே இருக்கிறது. அவசரத்தில் இரண்டு தட்டையும் ஒரே பேணியிலிருந்து நிரப்பியிருக்கிறேன்! அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த நாள் எல்லோரிடமும் சொல்லி, திரும்ப வைத்து, ஏச்சும் வாங்கினேன். ஆனால் இந்த வேலையில் நான் உருப்படியாகப் படித்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு ஒரு பெட்டிக்கு ஒருவர். வாக்களிக்கிற இடத்தில் வைப்பது போல் மட்டையால் மறைத்த மேசை. தட்டில் பெயர் இல்லை, அ, ஆ என்றும் இல்லை, 1, 2 என்றும் இல்லை, ஏனென்றால் 1 என்று கண்டால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் புத்தி சொல்லும். 417, 862 என்று அர்த்தமில்லாத மூன்று இலக்கம் போடுவோம். அதோடு எல்லோருக்கும் ஒரே ஒழுங்கில் கொடுக்கக்கூடாது. முதலில் வாய்க்குப் போவதற்குத் தனிச் சலுகை கிடைக்கும், கடைசியில் வருவது களைத்த நாக்கில் விழும். ஐந்து தூள் என்றால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு முதலாவதாக வரவேண்டும், அதற்கே குறைந்தது ஐந்து பேர் வேண்டுமே! மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆள் கணக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரண்டே இரண்டு தூள், மூன்று பேரும் ஒன்றையே நல்லது என்றார்கள் என்று வையுங்கள். மூன்று பேரும் காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் நாலு தரத்தில் ஒரு தரம் அப்படி ஒற்றுமை வரும். பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேராவது ஒரு பக்கம் நிற்க வேண்டும், முப்பது பேர் என்றால் 21 பேர், அப்போதுதான் இது அதிர்ஷ்டம் இல்லை என்று நாங்கள் துணிந்து எழுதுவோம். ஆறுக்கு நாலு என்பதெல்லாம் வெறும் பேச்சு. இந்தக் கணக்குக்குப் பேர்போன உதாரணமே ஒரு தேத்தண்ணிதான் தெரியுமா? இங்கிலாந்தில் ஒரு அம்மா, கோப்பையில் பாலை முதலில் விட்டதா தேத்தண்ணியை முதலில் விட்டதா என்று குடித்தே சொல்வேன் என்றாராம். ஃபிஷர் என்ற புள்ளிவிவர அறிஞர் அதைச் சோதிக்க எட்டுக் கோப்பை, நாலு அப்படி நாலு இப்படி, கலந்து வைத்தால் போதும் என்று 1935இல் எழுதினார். நாலைப் பிரித்தெடுக்க 70 வழி இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 70இல் ஒரு தரம்தான் எட்டும் சரிவரும்.

தொழிற்சாலையில் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது மூன்று கோப்பைச் சோதனை. மூன்றில் இரண்டு ஒன்றுபோல, ஒன்று வேறு. வேறானதை எடுத்துக் காட்டு, அவ்வளவுதான் கேள்வி. சும்மா ஊகித்தாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார், அதனால் முப்பது பேரில் பத்துப் பேர் சரி என்றால் அதில் ஒன்றுமே இல்லை. 15 பேர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் தெரிகிறது என்று எடுப்போம். 2016 ஆகஸ்டில் குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவுக்கு ஏற்றபடி சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போடவேண்டும் என்று இலங்கையில் சட்டம் வந்தபோது (100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு), எங்கள் பழப்பானத்தில் சீனியைப் படிப்படியாகக் குறைத்து ஒவ்வொரு படியிலும் இதையே வைத்துப் பார்த்தோம். முதல் படியில் வித்தியாசம் பிடிபடவில்லை. இரண்டாம் படியில் பிடித்துவிட்டார்கள், திரும்ப அரைப் படி ஏறினோம்.

கறித்தூளுக்கு வருகிறேன். இதுதான் இருக்கிறதுக்குள் வில்லங்கமான சாமான். உறைப்பு என்பது சுவையே அல்ல. மிளகாயில் இருக்கிற கெப்சைசின் வாயில் சூட்டையும் நோவையும் உணர்கிற நரம்பைத்தான் போய்த் தட்டுகிறது. அது தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் உறைப்புக்குத் தண்ணீர் குடித்தால் வாய் முழுக்கப் பரவுமே தவிர அடங்காது. பால், தயிர், வெறுஞ்சோறு கொடுக்க வேண்டும். அடுத்தடுத்து வாயில் வைத்தால் உறைப்பு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும், இரண்டாவது கறியைத் திட்டுவது முதலாவது கறியின் உறைப்புக்காக இருக்கும். பத்து நிமிடம் போல விட்டுப் பிறகு வைத்தால் நாக்கு மரத்துப்போய் உறைப்புக் குறைவாகத் தெரியவும் கூடும். அதனால் ஒரு இருப்பில் மூன்று, மிஞ்சினால் நாலு, நடுவில் எல்லோருக்கும் ஒரே அளவு இடைவெளி என்பதுதான் நாங்கள் வைத்த ஒழுங்கு. நீங்கள் ஐந்தையும் ஒரே மூச்சில் பார்த்திருக்கிறீர்கள். ஐந்தாவதாக வைத்தது எந்தத் தூள் என்று கேட்டால் கோபிப்பீர்களா?

அதைவிடப் பெரிய கேள்வி, என்னத்தைத்தான் ருசி பார்த்தீர்கள்? சமைத்தீர்களா, இல்லை ஒரு சிட்டிகையை அப்படியே நாக்கில் வைத்தீர்களா? கட்டுரையில் ஒரு சொல் இல்லை. தூளை யாரும் தூளாகத் தின்பதில்லை. ஒரே உருளைக்கிழங்கு, ஒரே தேங்காய்ப்பால், நிறுத்துப் போட்ட உப்பு, ஒரே நேரம் அடுப்பில் இருந்த ஐந்து சட்டி வேண்டும், பரிமாறும்போது ஐந்தும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். பக்கற்றில் உள்ள உற்பத்தித் திகதியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கடைக் கண்ணாடிக்குள் வெயிலில் மாதக்கணக்காகக் காய்ந்த தூளில் மல்லி மணம் போய்ச் சிக்கு மணம் ஏறியிருக்கும், அது வறுத்தவளின் பிழை இல்லை. உங்கள் படத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எவ்வளவோ பார்த்தேன், திகதி தெரியவில்லை.

இந்த ஒழுங்கு கொழும்புக்கு ஒன்றும் புதிது இல்லை. 1883இல் இருந்து தேயிலை ஏலம் நடக்கிற ஊர் இது. தேயிலை ருசி பார்க்கிற ஒரு அறைக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். நீள மேசையில் வெள்ளைப் பீங்கான் வரிசை, ஒவ்வொன்றுக்கும் தராசில் நிறுத்த இலை, கொதி தண்ணீர், மணிக்கூடு. தேயிலை ருசி பார்ப்பதற்கான சர்வதேசத் தரக் கட்டளை 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம் என்கிறது. அதில் ருசி இல்லை, அவ்வளவு சாயத்தை யாரும் ஆசைப்பட்டுக் குடிக்க மாட்டார்கள். ஆனால் எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரி என்பதால் இலைக்கும் இலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மேலே வரும். ஒருவர் கரண்டியில் எடுத்து "ஸ்ஸ்ர்ர்" என்று வீட்டில் செய்தால் அம்மா அடிக்கிற சத்தத்தோடு உறிஞ்சி, துப்பிவிட்டு, அடுத்ததுக்கு நகர்கிறார். அந்தச் சத்தத்துக்கும் காரணம் இருக்கிறது, காற்றோடு சேர்த்து இழுத்தால்தான் மணம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகும். நாங்கள் ருசி என்று சொல்வதில் பெரும் பங்கு மூக்கின் வேலை. நம்பாவிட்டால் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு கொஞ்சம் நற்சீரகத்தைச் சப்பிப் பாருங்கள். வாயில் ஏதோ உமி மாதிரி இருக்கும். மூக்கை விட்ட அந்த நொடியில் நற்சீரகம் வந்து நிற்கும்.

இதோடு இன்னொன்று. கட்டுரைக்குப் பக்கத்தில் ஒரு நாக்குப் படம் போட்டு நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பங்கு பிரித்திருந்தீர்கள். அது 1901இல் ஒரு ஜெர்மன்காரர் வரைந்த படத்தை 1942இல் அமெரிக்காவில் பிழையாக விளங்கிக்கொண்டதால் வந்த கதை. நாக்கில் சுவை அரும்பு உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிகளில் இருந்ததை நானே எத்தனை தரம் வெட்டியிருக்கிறேன், இனிமேலாவது பத்திரிகையில் போடாதீர்கள்.

மொழி விஷயத்தில் உங்களை விட எங்கள் ஆட்களைத்தான் குறை சொல்ல வேண்டும். பிடித்ததா என்று கேட்க உலகம் முழுக்க ஒன்பது படி அளவுகோல் ஒன்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்க இராணுவத்துக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்று பார்க்கப் போய் உண்டானது, "மிக மிகப் பிடித்தது" என்பதில் தொடங்கி நடுவில் "பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை" என்று வந்து "மிக மிகப் பிடிக்கவில்லை" என்று முடியும். எங்கள் தமிழ்ப் படிவத்தில் யாரோ நடுவில் "பரவாயில்லை" என்று போட்டுவிட்டார்கள். பரவாயில்லை என்றால் என்ன? கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அன்ரி ஒருவர் நல்லது என்று நினைத்துப் போட்டார், இன்னொருவர் தின்னலாம் வேறு வழியில்லை என்று நினைத்துப் போட்டார். அதே படிவத்தில் "காரம்" என்று இருந்தது. மலையகத்துப் பிள்ளைகளுக்கு அது விளங்கியது, எனக்கும் மற்ற யாழ்ப்பாணத்து ஆட்களுக்கும் உறைப்பு என்றால்தான் வாயில் தண்ணீர் ஊறும். துவர்ப்பு என்றதை ஒருவர் என்னிடம் வந்து கேட்டார், "கயர்க்கிறதையா சொல்றீங்க?" என்று. ஆமாம் என்றேன். பிறகு படிவத்தில் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். எங்கள் மொழியில் காறல், சிக்கு, பச்சை வாடை, அடிப்பிடித்த மணம், நறநற, கொழகொழ என்று எவ்வளவு இருக்கிறது! உங்கள் கட்டுரையில் ஐந்து தூளுக்கும் சேர்த்து இருந்த சொல் "அருமை", "சுமார்" இரண்டும்தான்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஒரு மிடறு வேறு, ஒரு வாழ்க்கை வேறு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கொக்கா கோலா 1985இல் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேரைக் குடிக்க வைத்துப் பார்த்து, புதிய இனிப்பான பானம்தான் நல்லது என்று சனம் சொன்ன பிறகுதான் பழையதை நிறுத்தியது. 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டி வந்தது. கறித்தூளின் உண்மையான தீர்ப்பும் அடுத்த நாள் காலையில் மிச்சக் கறியைப் பாணோடு தொட்டுச் சாப்பிடும்போதுதான் தெரியும். அதை எந்தப் பெட்டிக்குள் இருத்திப் பார்ப்பது? ஆனால் அதற்காக ஒரே மேசையில் சிரித்துப் பேசிப் புள்ளி போடலாம் என்றாகிவிடாது.

நான் கேட்பது இதுதான். அந்த வரிசை எப்படிப் போடப்பட்டது, எத்தனை பேர், பெயர் தெரிந்தா தெரியாமலா பார்த்தார்கள் என்று அடுத்த ஞாயிறு நாலு வரி போடுங்கள், அதே எழுத்து அளவில். பிறகு திரும்பச் செய்யுங்கள். முப்பது பேர் என்றாலும் போதும், பெரிய கொம்பனிகள் நூறு பேர் அளவில் கூப்பிடும், எங்களால் அது ஏலாது. வெள்ளவத்தையில் மட்டும் பிடிக்காமல் கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, புறக்கோட்டைப் பக்கமும் ஆட்களைக் கூப்பிடுங்கள். நோன்பு மாதத்தில் வைக்காதீர்கள், கந்தசஷ்டி விரதத்திலும் வேண்டாம். சிலர் தங்கள் தூளில் கடுகும் சேர்ப்பார்கள், ஒவ்வாமை இருக்கிறதா என்று எழுதி வாங்கிக்கொண்டே கரண்டியைக் கொடுங்கள். இரண்டு நாளாகப் பிரித்து, முதல் நாள் மூன்று சட்டி, அடுத்த நாள் மூன்று சட்டி. ஐந்துதானே, ஆறாவது எங்கே என்று கேட்பீர்கள். முதல் நாள் வைத்த ஒன்றையே யாருக்கும் சொல்லாமல் வேறு இலக்கத்தில் இரண்டாம் நாளும் வையுங்கள், அதற்கு இரண்டு நாளும் ஒரே மாதிரிப் புள்ளி போடாதவரின் தாளை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

சமைக்க நான் வருகிறேன், காசு வேண்டாம். உருளைக்கிழங்கும் தேங்காயும் நானே வாங்கி வருகிறேன். தூள் ஐந்தையும் மட்டும் வேறு யாராவது வாங்கி, இலக்கம் போட்ட போத்தலில் மாற்றித் தாருங்கள். எந்த இலக்கம் எந்தத் தூள் என்பது முடியும் வரை எனக்கும் தெரியக்கூடாது, நான் அந்தப் பிள்ளையின் ஒழுங்கைக்காரி.

இப்படிக்கு,
இளைப்பாறிய ருசிப் பரிசோதகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.